முள் இறங்கினால் மகிழாதீர்கள்

வானொலி நிலையத்தில் என் ஒலிவாங்கிக்கு ஒரு பஞ்சுத் தொப்பி உண்டு. என் மூச்சுக்காற்று நேயர்களின் காதில் போய் மோதாமல் தடுப்பது அதுதான். அது கிழிந்துபோனபோது, மாற்றித் தரும்வரை தொழில்நுட்பப் பிரிவினரை நச்சரித்தேன். ஒரு துண்டுப் பஞ்சுக்கே அவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்த நான், அண்ணனின் வெல்டிங் பட்டறைக்கு எத்தனையோ தடவை போயும், கூரைக்குக் கீழே தொங்கும் அந்த இரும்புப் பெட்டியை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

பட்டறை கிள்ளானில் இருக்கிறது. கேட், கிரில், உணவகங்களுக்கு எவர்சில்வர் மேசை என்று வேலைக்குக் குறைவில்லை. அந்தப் பெட்டி ஒரு காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரம். வெல்டிங் புகையை இழுத்து, வடிகட்டி, காற்றைத் திரும்பவும் பட்டறைக்குள்ளேயே விடும். அண்ணன் பழைய இயந்திரமாக வாங்கி மாட்டி மூன்று வருடமாகிறது. “ஓடுதுல்ல, அப்புறம் என்ன?” என்பார்.

போன மாதம் மாமா வந்திருந்தார். ஷா ஆலமில் தொழிற்சாலைப் பராமரிப்புப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தே தாரிக் கையில் இருக்க, அவர் கண் போனது பெட்டியின் பக்கவாட்டில் இருந்த வட்டமான அழுத்தமானிக்கு.

“முள்ளு ஏன்டா இவ்வளவு கீழ கிடக்கு?”

“ஃபில்டர் சுத்தமா இருக்குன்னுதானே அர்த்தம் மாமா? போன வருஷமெல்லாம் மேலேயே நிக்கும். சனிக்கிழமை தவறாம ஊதிச் சுத்தம் பண்றோம்.” அண்ணன் குரலில் கொஞ்சம் பெருமை.

“தண்ணிக் குழாய் அடைச்சா அழுத்தம் ஏறும். உடைஞ்சா?”

அண்ணன் பதில் சொல்லவில்லை.

வடிகட்டிக்கு முன்னால் இருக்கும் காற்றழுத்தத்துக்கும் பின்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் அந்த முள் காட்டுகிறது. தூசு சேரச் சேர முள் ஏறும். தயாரிப்பாளர் குறித்த அளவைத் தொட்டால் மாற்ற வேண்டும். விசிறி ஓடும்போது புத்தம்புது வடிகட்டியில்கூட முள் பூஜ்ஜியத்துக்கு வராது. திடீரென்று இறங்கினால், காற்று எங்கோ தடையில்லாமல் போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். வடிகட்டி கிழிந்திருக்கலாம், ஓரத்து ரப்பர் விலகியிருக்கலாம், அழுத்தமானியின் சின்னக் குழாயே கழன்றிருக்கலாம்.

மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சுப் பெட்டியைப் பூட்டி, விசிறி முழுக்க நின்ற பிறகு திறந்தோம். முன்வடிகட்டி சாம்பல் நிறக் கம்பளிபோல் இருந்தது. அதன் பின்னால் இருந்த முக்கிய வடிகட்டியின் மடிப்புகளில் விரல் நீளத்துக்கு இரண்டு கிழிசல்கள். சனிக்கிழமைதோறும் கம்ப்ரசர் காற்றை அடித்து ஊதியதில் கிழிந்தவை. அத்தனை நாளும் புகை அந்த ஓட்டை வழியாக நுழைந்து, சுத்தமான காற்று என்ற பெயரில் தலைக்கு மேலே திரும்பி வந்துகொண்டிருந்தது.

“யாருடா ஊதுறது?” என்றார் மாமா.

அண்ணன் கை காட்டிய திசையில் ஒரு வங்காளதேச இளைஞர் நின்றார். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். பின்வாசலில் நின்று, ஒரு துணியை மூக்கில் கட்டிக்கொண்டு ஊதுவாராம். வெல்டிங் புகைத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. துணி அவற்றுக்குத் திறந்த கதவு. வடிகட்டி பிடித்து வைத்திருந்ததை எல்லாம் வாரம் தவறாமல் அவர் நெஞ்சுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறோம். அவர் இருமுவதை நானும் கேட்டிருக்கிறேன். சிகரெட் என்று நினைத்துக்கொண்டேன். அவர் புகைப்பதில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் சேர்த்தது 2017இல். ஆபத்தான இரசாயனங்கள் தொடர்பான நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு விதிமுறைகள், இத்தகைய கட்டுப்பாட்டுக் கருவிகளை மாதத்துக்கு ஒருமுறையாவது பார்வையிட வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையாவது தகுதி பெற்ற தொழில்நுட்பரைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்கின்றன. அண்ணனுக்கு இது தெரியாது. எனக்கும்தான். புகைமூட்டக் காலத்தில் வீட்டுச் சுத்திகரிப்பானில் சிவப்பு விளக்கு எரிந்தால் அன்றைக்கே புது வடிகட்டி வாங்கும் குடும்பம் எங்களுடையது.

புது வடிகட்டியின் விலையைக் கேட்டதும் அண்ணன் தலையைச் சொறிந்தார். மாமாவின் கணக்கு வேறு. முன்வடிகட்டி மலிவு, அதை ஊதாமல், தட்டாமல், நேரத்துக்கு மாற்றினால் விலை கூடிய முக்கிய வடிகட்டி நீண்ட நாள் வரும். அண்ணன் இதைத் தலைகீழாகச் செய்து வந்திருக்கிறார்.

மாற்றும் வேலையை மாமாவே செய்தார். முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் துகள் முகமூடி, கையுறை. பழையதைக் குலுக்காமல் மெதுவாக இழுத்து, அங்கேயே பிளாஸ்டிக் பைக்குள் இறக்கி, வாயைக் கட்டினார். எவர்சில்வர் வெல்டிங் தூசில் குரோமியமும் நிக்கலும் இருக்கும். அது அட்டவணைக் கழிவு, உரிமம் பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும், சாலையோரக் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது. இதற்கு முன் மாற்றியது எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. அண்ணனும் சொல்லவில்லை.

புதியதில் காற்றோட்டத் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தது. அதைப் பார்த்து மாட்டி, ஓரத்து ரப்பர் மடங்கவில்லை என்று விரலால் சுற்றித் தடவிய பிறகுதான் மாமா மூடியை இறுக்கினார். இயந்திரத்தை ஓடவிட்டு, முள் நின்ற எண்ணையும் தேதியையும் மாஸ்கிங் டேப்பில் எழுதி அழுத்தமானிக்குக் கீழே ஒட்டினார். இனி எல்லாவற்றையும் அந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

இப்போது திங்கட்கிழமை காலையில் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எண்ணைக் குறிப்பது அந்த இளைஞரின் வேலை. சனிக்கிழமை ஊதல் நின்றுவிட்டது. போன வாரம் அண்ணன் அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்று எனக்குக் காலை நிகழ்ச்சி, பத்து மணிக்கு முடியும். நானும் போகிறேன்.