டாலருக்கு இரண்டு விலை: பழி யார் தலையில்?

2022 மார்ச் 22ந் தேதி இலங்கைத் தமிழர் 16 பேர் கடல் தாண்டி நமது தனுஷ்கோடிப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் கைக்குழந்தையும் உண்டு. ஷெல்லுக்கும் குண்டுக்கும் அஞ்சி ஜனங்கள் இக்கரைக்கு ஓடிவந்த காலத்தை ராமேஸ்வரம் நன்கு அறியும். ஆனால் இம்முறை அவர்களை விரட்டியது துப்பாக்கியல்ல, விலைவாசி. அந்த மாதம் அங்கே 400 கிராம் பால் பவுடர் 790 ரூபாய்!

இந்த விலைவாசி வானத்திலிருந்து குதிக்கவில்லை. 2019 டிசம்பரில் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக வெட்டி, கோத்தபய ராஜபக்சே சர்க்கார் தன் கஜானாவையே காலி செய்தது. கொரோனா வந்து உல்லாசப் பயணிகளின் வரத்தை நிறுத்தியது. அந்நியக் கடன் கழுத்தை நெரித்தது. இவையெல்லாம் பலரும் பேசியவை. அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று உண்டு. அதுதான் டாலருக்கு இருந்த இரண்டு விலை.

பலகையில் ஒன்று, தெருவில் ஒன்று

2021 செப்டம்பரிலிருந்து 2022 மார்ச் முதல் வாரம் வரை ஒரு டாலர் சுமார் 200 ரூபாய்தான் என்று இலங்கை மத்திய வங்கி பிடிவாதமாக நிறுத்தி வைத்திருந்தது. கையிருப்போ வற்றிக்கொண்டே போயிற்று. 2019 முடிவில் 760 கோடி டாலர். 2022 மார்ச் முடிவில் 200 கோடிக்கும் குறைவு. அதிலும் எடுத்துச் செலவிடக் கூடியது சொற்பம். சரக்கில்லாத கடையில் விலைப் பலகை தொங்கி என்ன பயன்? வெளியே கள்ளச் சந்தையில் டாலருக்கு 240 ரூபாயும் அதற்கு மேலும் கொடுக்க ஆள் இருந்தது.

குவைத்தில் வீட்டு வேலை செய்யும் இலங்கைச் சகோதரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதம் 100 டாலர் வீட்டுக்கு அனுப்புகிறார். பாங்கி மூலம் அனுப்பினால் 20,000 ரூபாய். உண்டியல்காரனிடம் கொடுத்தால் 24,000 ரூபாய். அதுவும் வீட்டு வாசலுக்கே வரும். 2021 டிசம்பரில், பாங்கி மூலம் அனுப்பினால் டாலருக்கு 10 ரூபாய் கூடுதல் என்று மத்திய வங்கி ஆசை காட்டியது. 40 ரூபாய்ப் பள்ளத்தை 10 ரூபாய் மண் மூடுமா? அவர் உண்டியலை நாடினார். இதில் அவர் செய்த குற்றம் என்ன?

உண்டியலின் சூட்சுமம், வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய நமது கடற்கரை ஊர்களும் கேள்விப்பட்டதுதான். பணம் கடல் தாண்டுவதே இல்லை. அங்கே தினாரை வாங்கியவன் அங்கேயே வைத்துக்கொள்கிறான். ஊரில் அவன் கூட்டாளி ரூபாயை எண்ணிக் கொடுக்கிறான். அங்கே தங்கிய தினார், சரக்குத் தருவிக்கும் வியாபாரிக்கும் சொத்தை வெளியே பதுக்கும் பெரும்புள்ளிக்கும் கைமாறுகிறது. விளைவைப் பாருங்கள்: உழைப்பாளிகள் பாங்கி வழியாக இலங்கைக்கு அனுப்பியது 2020ல் சுமார் 710 கோடி டாலர், 2021ல் 550 கோடி, 2022ல் 380 கோடி. மருந்துக்கும் பெட்ரோலுக்கும் வேண்டிய டாலர் வாசலிலேயே திரும்பிவிட்டது.

லாபம் யாருக்கு?

ஒரே சரக்குக்கு இரண்டு விலை இருந்தால், மலிந்த விலையில் வாங்கி ஏறிய விலையில் விற்கிறவனுக்கே வித்தியாசம் சேரும். 200 ரூபாய் டாலர் யாருக்குக் கிடைத்தது? மன்னாரில் வலை இழுக்கும் மீனவனுக்கா? பாங்கியில் செல்வாக்கு உள்ளவனுக்கா? 2022 ஜனவரி 18ந் தேதி, டாலர்க் கடன் பத்திரம் வைத்திருந்தோருக்கு 50 கோடி டாலர் தவறாமல் பட்டுவாடா ஆயிற்று. அவர்களுக்கு முதல் பந்தி. குழந்தையின் பாலுக்குக் கடைசிப் பந்தி. ஏப்ரல் 12ந் தேதி அந்நியக் கடனைக் கட்ட இயலாது என்று சர்க்கார் கை விரித்தபோது கடைசிப் பந்திக்கு இலையே இல்லை.

சந்தை விலைக்கே விட்டிருந்தால் வம்பில்லையே என்பார்கள் சில நிபுணர்கள். விட்டார்கள். 2022 மார்ச் 7ந் தேதி பிடி தளர்ந்தது. மே மாதம் டாலர் 360 ரூபாய் ஆயிற்று. பாங்கி விலையும் கள்ள விலையும் நெருங்கின. 2023ல் பாங்கி வழியாக 597 கோடி டாலர் வந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. பொய் விலையை நாம் ஒருபோதும் ஆதரிக்கவில்லை. ஆனால் சுமை யார் தோளில் இறங்கியது? 2022 செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி முந்திய ஆண்டைவிட சுமார் 70 சதவீதமும், உணவுப் பண்டங்களின் விலை சுமார் 95 சதவீதமும் ஏறியிருந்தது. கூலி அப்படி ஏறியதா? ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாயிற்று. வள்ளக்காரன் எதை ஊற்றிக் கடலுக்குப் போவான்? 2023 மார்ச்சில் சர்வதேச நிதியம் சுமார் 300 கோடி டாலர் கடனுக்குச் சம்மதித்தது. வசதி படைத்தோருக்கும் சேர்த்து 8 சதவீதமாக வெட்டப்பட்ட மதிப்புக் கூட்டு வரி, 2024 ஜனவரியில் 18 சதவீதமாக ஏழையின் சோற்றில் வந்து விழுந்தது.

பொய் விலையைக் கட்டி வைத்தபோதும் நஷ்டம் உழைப்பாளிக்கு; அவிழ்த்து விட்டபோதும் நஷ்டம் உழைப்பாளிக்கு! ஆகவே நாணயத்தின் விலை எத்தனை என்று மட்டும் கேட்டால் போதாது. பற்றாக்குறையில் யாருக்கு முதலில், சுமையில் யாருக்கு அதிகம் என்று கேட்க வேண்டும்.

இக்கரையில் என்ன செய்வது?

இரட்டை விலை நமது கடலிலும் உண்டு. தங்கத்தின் மீது இந்திய சர்க்கார் 2022 ஜூலையில் விதித்த 15 சதவீத இறக்குமதி வரி, 2024 ஜூலையில்தான் 6 சதவீதமாகக் குறைந்தது. இடையில் 2023ல் மண்டபம் கடலில் ஒரே வேட்டையில் 32 கிலோவுக்கு மேல் தங்கம் பிடிபட்டது. இத்தகைய வேட்டைகளில் முதலில் விலங்கு விழுவது படகில் இருக்கும் கூலிக்காரன் கையில்தான். சட்டம் முதலைகளைத் தேட வேண்டும். அயிரை மீன்களை எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. வெளிநாட்டில் உழைப்போர் பாங்கி வழியாகப் பணம் அனுப்பும் கட்டணத்தையும் சர்க்கார் குறைக்க வேண்டும். உண்டியலை ஒழிக்க அதுவே நேர் வழி.

கடைசியாக, கடல் தாண்டி வந்தவர்கள். முதலில் வந்தோர் மீது பாஸ்போர்ட் சட்டப்படி வழக்கு. பிறகு மண்டபம் முகாம். 2025 செப்டம்பரில் மத்திய சர்க்கார், 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழ் அகதிகளுக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தது. நல்லது. ஆனால் 2022ல் வந்தவர்கள் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். குண்டுக்கு அஞ்சி வந்தவன் அகதி, பசிக்கு அஞ்சி வந்தவன் குற்றவாளியா? அந்த விலக்கை இவர்களுக்கும் நீட்டிக்க வேண்டும் என்று கோருகிறோம். இக்கரை மீனவர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் இக்கோரிக்கையைத் தங்களுடையதாக எடுத்துக்கொள்ள வேண்டும். டாலருக்கு இரண்டு விலை வைத்தவர்கள் யாரும் படகேறவில்லை. அதன் விலையைக் கொடுத்தவர்களே படகேறினார்கள்.