சருகு அள்ள மெஷின் வாங்கப் போகிறோம்... கொஞ்சம் பொறுங்கள்!



ஆண்டு மலர் என்றால் காதல் கவிதை இருக்கும், முதலாளித்துவத்தைச் சாடி நாலு பக்கம் இருக்கும், ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி ஒரு நகைச்சுவைத் துணுக்கு இருக்கும். இதற்கு நடுவில் "என்னடா இவன், சருகு வார்றதைப் பத்தி எழுத வந்துட்டான்?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. விழட்டும். போன பேரவைக் கூட்டத்தில் நாம் எல்லோரும் கை தூக்கி ஒரு தீர்மானம் போட்டோமே, நினைவிருக்கிறதா? "கல்லூரி மினி டிராக்டரில் மாட்டும்படியாக இலை சேகரிக்கும் இயந்திரம் ஒன்றை வாங்க நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்வது." நானும்தான் கை தூக்கினேன். தூக்கிய பிறகுதான் யோசித்தேன்.

தீர்மானம் தப்பு என்று சொல்லவில்லை. மாசி பிறந்தால் போதும், நம் வளாகத்தில் புங்கமும் வேம்பும் தூங்குமூஞ்சியும் போட்டி போட்டுக்கொண்டு உதிர்க்கின்றன. ஆட்டோமொபைல் பிளாக் பக்கத்துத் தேக்கு அதற்கு முன்பே, மார்கழியிலிருந்தே, தட்டு தட்டாக இலையைக் கொட்டத் தொடங்கிவிடும். ஆயாம்மாக்கள் நாலு பேர் ஈர்க்குமாற்றால் கூட்டி, சாக்கில் கட்டி, தலையில் வைத்துக்கொண்டு ஃபவுண்டரி ஷாப் பின்னால் கொண்டுபோய்ப் போடுவார்கள். சாயந்திரம் யாராவது தீ வைப்பார்கள். அந்தப் புகை காற்றடிக்கும் திசைக்கு ஏற்ப ஒருநாள் ஹாஸ்டலுக்கு, ஒருநாள் நூலகத்துக்கு. என் அறைத்தோழன் ஒருவன் ஆஸ்துமாக்காரன். பங்குனி மாதம் முழுக்க அவன் இன்ஹேலரும் கையுமாகத் திரிந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். திறந்த வெளியில் குப்பை எரிப்பதைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே நாடு முழுவதும் தடை செய்தது. எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாகக் கொட்டி எரித்தால் 25,000 ரூபாய் என்று அபராதமும் சொன்னது. நம்ம ஃபவுண்டரி பின்பக்கம் அந்த உத்தரவு இன்னும் வந்து சேரவில்லை!

ஆக, மெஷின் வேண்டும். என் சண்டையெல்லாம் எந்த மெஷின் என்பதில்தான்.

செயலாளர் கையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டிய கேட்லாக்கை நானும் பார்த்தேன். பளபளப்பான படம். பச்சைப் புல்வெளி, நடுவில் ஒரு குட்டி டிராக்டர், வயிற்றுக்கு அடியில் புல் வெட்டும் தட்டு, அதிலிருந்து பெரிய குழாய், பின்னால் கூண்டு வண்டி. அமெரிக்காவில் அக்டோபர், நவம்பரில் வீட்டுப் புல்வெளியில் இலை விழுந்து கிடக்கும். புல் வெட்டும் பிளேடே அந்த இலையை நறுக்கி ஓரமாக வீசும். வீசிய இடத்தில் குழாயை வைத்து, ஒரு விசிறி உறிஞ்சிப் பின்னால் தள்ளும். அருமையான ஏற்பாடு. அந்த ஊருக்கு!

நம் டிராக்டரைப் பாருங்கள். தண்ணி டேங்கர் இழுக்க வாங்கிய 18 குதிரைசக்தி வண்டி. வயிற்றுக்கு அடியில் தட்டும் இல்லை, அதை மாட்ட இடமும் இல்லை. கீழே புல்வெளியும் இல்லை; செம்மண்ணும் சரளையும் டீ கப்பும்தான் இருக்கின்றன. தட்டு இல்லாமல் குழாயை எங்கே மாட்டுவது? கேட்லாக்கில் இருக்கும் பாதி மெஷின்கள் இந்த ஒரே கேள்வியில் அடிபட்டுப் போகின்றன.

இன்னொரு வகை, சக்கரத்தில் சுழலும் பிரஷ். பின்னால் கட்டி இழுத்தால் போதும். தனி எஞ்சினும் வேண்டாம், பி.டி.ஓ. ஷாஃப்டும் வேண்டாம். சக்கரம் உருண்டால் பல்சக்கரம் வழியாகப் பிரஷ் வேகமாகச் சுழன்று இலையைத் தூக்கிப் பின்னால் உள்ள பையில் எறியும். விலை குறைவு, கெட்டுப்போகவும் அதிகம் இல்லை. மட்டமான தரையில் நன்றாக வேலை செய்யும். நம் கான்கிரீட் ரோட்டுக்கும் கூடைப்பந்து மைதானத்துக்கும் இது போதும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் மரத்தடியில்? வேர் மேடு, குழி, கல். பிரஷ்ஷை இறக்கினால் மண்ணை வாரும், ஏற்றினால் வேப்பிலையை விட்டுவிடும். வேப்பிலை இருக்கிறதே, அது சாமானியப்பட்டதல்ல. சின்னது, தட்டையானது, தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, பி.டி.ஓ.வில் ஓடும் உறிஞ்சு விசிறி. கையில் பிடிக்கும் குழாய், பின்னால் கூண்டு வைத்த ட்ரெய்லர். போன வருஷம் ஒரு விற்பனையாளர் இதைத்தான் நம் வளாகத்துக்குக் கொண்டுவந்து டெமோ காட்டினார். குழாயைப் பிடித்த புண்ணியவான் நான்தான். முதல் பத்து நிமிஷம் பிரமாதம்! புங்க இலையை அப்படியே விழுங்கியது. கை தட்டினீர்கள். அப்புறம் தேக்கு மரத்தடிக்குப் போனோம். அரை முழ அகலத்து இலை ஒன்று குழாயின் வளைவில் குறுக்கே உட்கார்ந்தது. அதன் மேல் ஒரு குச்சி, அதன் மேல் தூங்குமூஞ்சிக் காய். அந்தக் காயில் இருக்கும் பிசின் வேறு. மூன்று நிமிஷத்தில் குழாய் கப்பென்று அடைத்துக்கொண்டது. நான் சும்மா இருந்திருக்கலாம். "விசிறி ஓடட்டும், நான் தட்டி எடுத்துடறேன்" என்று வீரம் பேசி குழாயைக் கழற்றப் போனேன். டிரைவர் அண்ணன் "டேய், கையை எடுடா!" என்று கத்தி எஞ்சினை நிறுத்தினார். அவர் கத்தாவிட்டால் இந்தக் கட்டுரையை நான் இடது கையால் எழுதியிருப்பேன்.

அன்றைக்கு டெமோ தோல்வி என்று எல்லோரும் கலைந்து போனார்கள். "டிராக்டருக்குப் பவர் பத்தலை" என்று அந்த விற்பனையாளர் சொன்னதை நாமும் நம்பினோம். மெக்கானிக்கல் படிக்கும் நாம் அதை அப்படியே நம்பியிருக்கக் கூடாது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் நோட்டை எடுத்து ஒரு கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

குழாய் 200 மில்லிமீட்டர் விட்டம். பரப்பு 0.0314 சதுர மீட்டர். காய்ந்த இலை கீழே தங்காமல் போக வினாடிக்கு 20 மீட்டர் காற்று வேகமாவது வேண்டும்; பாதுகாப்புக்கு 25 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வினாடிக்கு 0.785 கன மீட்டர் காற்று. விசிறி கொடுக்க வேண்டிய அழுத்தம் 200 மில்லிமீட்டர் நீர்மட்டம், திறன் பாதிதான் என்று வைத்தாலும் தேவைப்படுவது 3 கிலோவாட் சொச்சம். அதாவது 4 குதிரைசக்தி. நம் வண்டி பதினெட்டு! பி.டி.ஓ.வுக்கு வந்து சேரும்போது கொஞ்சம் குறைந்தாலும் தாராளம். பவர் பத்தாமல் போகவில்லை.

பின்னே என்ன ஆயிற்று? டிரைவர் அண்ணன் டீசல் மிச்சம் பிடிக்க ஆக்சிலேட்டரைக் குறைத்து வைத்திருந்தார். பி.டி.ஓ. 540 சுற்றில் ஓட வேண்டியது, 400-ல் ஓடியது என்று வையுங்கள். விசிறி விதி என்ன சொல்கிறது? காற்றின் அளவு வேகத்தைப் பொறுத்தது, அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 400-க்கு வந்தால் காற்று 74 சதவீதம், அழுத்தம் 55 சதவீதம்தான். வேகம் குறைந்தது, இலை வளைவில் தங்கியது, தங்கிய இலை அடுத்த இலையைப் பிடித்தது. போதாக்குறைக்கு அந்தக் குழாயில் இரண்டு இடத்தில் செங்குத்து வளைவு.

இதற்கு மருந்தாகப் "பெரிய குழாய் போட்டால் அடைக்காது" என்று ஒரு நண்பர் சொன்னார். பாதி சரி. 250 மில்லிமீட்டர் குழாய் போட்டு அதே விசிறியை வைத்தால், காற்றின் அளவு மாறாமல் இருந்தாலும், வேகம் 16 மீட்டருக்கு இறங்கிவிடும். குழாயையும் விசிறியையும் ஜோடியாகத்தான் பார்க்க வேண்டும். கொட்டேஷனில் குதிரைசக்தியை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, காற்றின் அளவையும் குழாயின் விட்டத்தையும் போடாத கம்பெனியிடம் நான் ஒரு போல்ட்கூட வாங்க மாட்டேன்.

அடுத்தது கூண்டு. ஒரு 200 லிட்டர் டிரம்மில் காய்ந்த சருகைச் சும்மா கொட்டி நிரப்பி, மெஸ் தராசில் வைத்தேன். சருகு மட்டும் ஆறு கிலோ! அதே டிரம்மில் ஏறி மிதித்து மிதித்து நிரப்பினால் பதினேழு கிலோ. (மெஸ் மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.) கணக்கு என்னவென்றால், ஆறடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரக் கூண்டை நிரப்பினாலும் உள்ளே போவது சுமார் 80 கிலோதான். நம் கபடி அணியின் கார்னர் ஆட்டக்காரர் ஒருத்தர் எடை! மீதியெல்லாம் காற்று. வெறும் காற்றை ஏற்றிக்கொண்டு டீசல் செலவழித்து நாள் பூரா நடை போட வேண்டியதுதான். அதனால் இலையை நறுக்கித் தள்ளும் இம்பெல்லர் வேண்டும். நறுங்கிய சருகு சீக்கிரம் மட்கும் என்பது கூடுதல் லாபம். மெஸ் கழிவையும் சாணத்தையும் கலந்து போட்டால் தோட்டத்துக்கு எரு.

ஆனால் நறுக்குகிற இம்பெல்லர் என்றால் சும்மா இல்லை. அரை மீட்டர் விட்டத்தில் நிமிஷத்துக்கு 2,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 188 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நம் செம்மண் சரளையில் ஒரு கல் உள்ளே போனால்? கூட்டின் தகடு தாங்க வேண்டும். மண் தேய்த்துத் தேய்த்து ஓட்டை போடும். அதனால் உள்ளே கழற்றி மாற்றக்கூடிய லைனர் வேண்டும். வெளியே வரும் தூசு டிரைவர் முகத்தில் அடிக்காதபடி கூண்டின் வாயைப் பின்புறம் திருப்பி வைக்க வேண்டும். கேட்லாக் படத்தில் தூசே இல்லை, கவனித்தீர்களா?

இப்போது நான் இதை எழுத உட்கார்ந்த உண்மையான காரணத்துக்கு வருகிறேன்.

டெமோ நடந்தபோது ஆயாம்மாக்கள் நாலு பேரும் டிராக்டருக்குப் பின்னால்தான் நின்றார்கள். சிந்திய இலையைக் கூட்டிக் குழாய்க்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் சேலை. பி.டி.ஓ. ஷாஃப்டின் மேல் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் மூடி அந்த மெஷினில் இல்லை. "டெமோவுக்குத்தானே சார்" என்றார் வந்தவர். 540 சுற்று என்றால் வினாடிக்கு 9 சுற்று. 35 மில்லிமீட்டர் ஷாஃப்டின் சுற்றளவு 11 சென்டிமீட்டர். ஒரு முந்தானை மாட்டினால் வினாடிக்கு ஒரு மீட்டர் துணியைச் சுருட்டும். ஜாயின்ட் இருக்கும் தடித்த இடத்தில் மாட்டினால் இரண்டு மீட்டர். "நிறுத்து" என்று சொல்லி முடிப்பதற்குள் சேலை முழுக்கப் போய்விடும். சேலையோடு ஆளும்! நாம் அன்று அடைத்த குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். இதை நானும் பார்க்கவில்லை. ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது.

மறுநாள் அவர்களில் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். "மூடி இல்லாத மெஷின் பக்கத்துல நிக்காதீங்க ஆயாம்மா" என்றேன். அவர் கேட்டது வேறு. "தம்பி, மெஷின் வந்தா எங்கள நிறுத்திடுவாங்களா?" பதினோரு வருஷமாகக் காண்ட்ராக்டில் இருக்கிறாராம். நான் என்ன சொல்ல? "தெரியல ஆயாம்மா" என்றுதான் சொன்னேன். தீர்மானத்துக்குக் கை தூக்கியவன் நான்.

நாலு பேர் வேலையைப் பிடுங்குவதற்காக நாம் இந்த இயந்திரத்தைக் கேட்கவில்லை. தலைச்சுமையும் புகையும் போக வேண்டும் என்றுதான் கேட்டோம். அதைத் தீர்மானத்தில் எழுதாமல் விட்டது நம் தவறு. எழுதாததை எந்த நிர்வாகமும் தானாக நினைவில் வைத்துக்கொள்ளாது.

என் யோசனையைச் சொல்லிவிடுகிறேன். முதலில், எல்லா இலையையும் அள்ள வேண்டியதே இல்லை. தேக்குத் தோப்பிலும் காம்பவுண்ட் சுவர் ஓரத்திலும் விழுவது அங்கேயே கிடக்கட்டும். மண்ணுக்கு அதுதான் போர்வை. கிடப்பதில் யாரும் பீடி நெருப்பைப் போடாமல் பார்த்துக்கொண்டால் சரி. ரோடு, மழைநீர்க் கால்வாய், மைதானம், கட்டடத்தின் மேல்தளம், இந்த நாலு இடத்துச் சருகை மட்டும் அள்ளினால் போதும். பாதி வேலை அதிலேயே குறைகிறது, தேக்கிலை அடைக்கும் வம்பும் போகிறது.

அள்ளுவதற்குக் கைக்குழாய் உறிஞ்சியே போதும். ஓடிக்கொண்டே உறிஞ்சுவது நம் வண்டிக்குச் சரிப்படாது. ஒற்றைக் கிளட்ச் வண்டி இது. கிளட்சை மிதித்தால் பி.டி.ஓ.வும் நிற்கும், குழாயில் போய்க்கொண்டிருக்கும் இலையெல்லாம் அப்படியே விழும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, 540-ஐ முழுதாகக் கொடுத்து, அகலமான வாரியால் முன்னமே குவித்து வைத்த குவியலை உறிஞ்ச வேண்டும். குவிக்கும் வேலை ஆயாம்மாக்களுடையது. டிராக்டர் வந்து நிற்கும்போது அவர்கள் அடுத்த குவியலில் இருப்பார்கள், ஷாஃப்டுக்குப் பக்கத்தில் அல்ல. கூண்டு ஹைட்ராலிக்கில் சாய்ந்து கொட்ட வேண்டும். இல்லாவிட்டால் மெஷின் அள்ளியதை மறுபடி மண்வெட்டியால் இறக்குவது யார்? அதே ஆயாம்மாதான்.

கூண்டையும் சேசிஸையும் நம் வெல்டிங் ஷாப்பிலேயே செய்யலாம். விசிறியை மட்டும் பேலன்ஸ் பார்த்த ரெடிமேட்டாக வாங்கிவிடுவோம்; 2,000 சுற்றில் நம் கைவேலையை நான் நம்ப மாட்டேன், நீங்களும் நம்பாதீர்கள். இறுதியாண்டில் ஆளுக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணி டவுனில் ரெடிமேட் ப்ராஜெக்ட் வாங்கி, வைவாவில் "இது எப்படி ஓடுது?" என்று கேட்டால் முழிக்கிறோமே, அந்தக் காசு இதற்கு ஆகட்டும்.

அடுத்த பேரவையில் தீர்மானத்தைத் திருத்தச் சொல்லி மனு கொடுக்கிறேன். பி.டி.ஓ. மூடி இல்லாத மெஷினை வளாகத்துக்குள் விடக்கூடாது. குழாய் விட்டமும் காற்றின் அளவும் எழுதாத கொட்டேஷனைப் பிரிக்கவே கூடாது. நாலு ஆயாம்மாக்களில் ஒருவரையும் நிறுத்தக்கூடாது. இந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். மனு எழுதித் தயாராக இருக்கிறது. இதுவரை பதினேழு கையெழுத்து. மெஸ் வாசலில் நோட்டீஸ் போர்டுக்குக் கீழே ஸ்டூலில் வைத்திருக்கிறேன், பேனாவும் கட்டித் தொங்குகிறது.

(மூன்றாமாண்டு, இயந்திரவியல்)