ஜென்மப் பாவமும் பிறவிக் குற்றமும்

ஏற்காட்டிலிருந்து நாகலூர் செல்லும் வழியெங்கும் காபித் தோட்டங்கள். கோடையின் முதல் மழை விழுந்த பத்து நாட்களுக்குள் அவை வெள்ளை வெளேரெனப் பூத்துவிடும். அநேகமாக அது தவக்காலமாக இருக்கும். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசித் தொடங்கிய கத்தோலிக்கர்கள், தம் பிழைகளை எண்ணி மார்பில் தட்டிக்கொள்ளும் நாட்கள் அவை.

மனிதன் பிறவியிலேயே பாவி என்னும் இந்தக் கருத்தைப் பழமையின் எச்சம் என்று ஒதுக்குவது நம் அறிவுச்சூழலில் எளிது. அறவுணர்வுக்குப் பரிணாம அறிவியல் விளக்கம் தந்துவிட்டது, இனிப் பாவம் எதற்கு என்று கேட்பார்கள். விஷயம் அவ்வளவு எளிதாக முடிந்துவிடுவதில்லை என்று நமக்குத் தோன்றுகிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'ஜென்மப் பாவம்' என்று கேட்டதும் தமிழ்க்காதில் விழுவது முற்பிறவி வினைதான். இரண்டும் ஒன்றல்ல. வினை என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும் தனிக்கணக்கு. ஒருவன் பல்லக்கில் ஏறுவதையும் இன்னொருவன் சுமப்பதையும் அக்கணக்கைக் காட்டியே நியாயப்படுத்தினார்கள். ஆதிப்பாவமோ அரசனுக்கும் அடிமைக்கும் போதகருக்கும் ஒரே அளவு. அதற்குச் சற்று அருகில் வருவது சைவ சித்தாந்தத்தின் ஆணவ மலம். செம்பில் களிம்புபோல உயிருடன் அநாதியாகவே கலந்திருப்பது அது. ஆனால் ஆணவம் உயிரின் அறிவை மறைக்கும் மலம். யாரோ செய்த தவறுக்கு வந்த தண்டனை அன்று.

ஆதாமின் பிழையோடு அவன் குற்றப்பொறுப்பும் எல்லா மனிதருக்கும் வழிவழியாக வருகிறது என்று உறுதிபட வாதிட்டவர் புனித அகுஸ்தீன். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மனிதன் தன் முயற்சியால் நல்லவனாக முடியும் என்ற பெலாஜியுஸை அவர் எதிர்த்தார். 418இல் கார்த்தேஜ் சங்கம் பெலாஜியுஸின் தரப்பைக் கண்டித்தது. கீழைத் திருச்சபைகள் மரணமும் பலவீனமும் ஆதாமிடமிருந்து வந்தன என்று ஏற்றாலும், குற்றப்பொறுப்பு வந்ததாக ஏற்கவில்லை என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும். தம் வாதத்துக்கு அகுஸ்தீன் காட்டும் சான்றுகளில் ஒன்று ஒரு கைக்குழந்தை. பேசக்கூடத் தெரியாத அது, தன்னுடன் பால் குடிக்கும் இன்னொரு குழந்தையைப் பொறாமையால் வெளிறிப்போய்ப் பார்க்கிறது.

பதினாறு நூற்றாண்டுகளுக்குப் பின் அறவியலின் அறிவியலும் அதே குழந்தையிடம் வந்து நிற்கிறது. உதவி செய்யும் பொம்மையையே கைக்குழந்தைகள் விரும்புகின்றன என்று யேல் பல்கலைக்கழக ஆய்வு 2007இல் சொன்னது. பல ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து செய்த மறுசோதனையோ 2024இல் அவ்விருப்பத்தைக் காணவில்லை. தன் வீட்டு மொழி பேசுபவரையே குழந்தை நெடுநேரம் பார்க்கிறது என்பது 2007இன் மற்றொரு ஆய்வு. கூண்டுத் தோழிக்குத் திராட்சை தந்து தனக்கு வெள்ளரித்துண்டு நீட்டினால் கபுசின் குரங்கு அதை மறுத்துவிடுகிறது என்று பிராஸ்னனும் டி வாலும் 2003இல் காட்டினார்கள். நியாயத்தின் விதையும் பாரபட்சத்தின் விதையும் ஒரே மண்ணில் கிடப்பதாகத்தான் தெரிகிறது. அகுஸ்தீனின் கண் சரியாகவே பார்த்தது. அவர் எழுதிய தீர்ப்புதான் தவறு. பரிணாமம் தந்த இயல்புக்காக ஒரு சிசுவைக் குற்றவாளியாக்க எந்த நியாயமும் இல்லை.

இத்துடன் நிறுத்திவிடலாம்தான். ஆனால் 1871ஆம் ஆண்டு குறுக்கே நிற்கிறது. சமூக உணர்ச்சியுள்ள எந்த விலங்கும் போதிய அறிவு வளர்ந்தால் அறவுணர்வைப் பெறும் என்று டார்வின் 'மனிதனின் தோற்றம்' நூலில் எழுதியது அந்த ஆண்டு. பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்ததும் அதே ஆண்டு. 1876இல் இத்தாலியின் லோம்ப்ரோசோ மண்டையோட்டை அளந்து 'பிறவிக் குற்றவாளி'யைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். 1911இல் திருத்தப்பட்ட சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில், கைரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தனர். இந்த மலையின் அடிவாரத்துச் சேலத்தின் பெயரையே தாங்கிய குறவர் பிரிவுகள் இன்றும் சீர்மரபினர் பட்டியலில் இருக்கின்றன. நாடு முழுவதும் அச்சட்டம் நீங்கியது 1952இல்தான்.

இதில் மதத்துக்கும் பங்குண்டு. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த ஸ்டூவர்ட்டுபுரத்தில், 'குற்றப் பரம்பரையினரை'த் திருத்தும் குடியிருப்பை நடத்தியது கிறிஸ்தவ அமைப்பான இரட்சணிய சேனை. அவர்களது வேதம் 'எல்லாரும் பாவிகள்' என்கிறது. அரசு ஒப்படைத்ததோ 'இவர்கள் மட்டும் பாவிகள்' என்ற பட்டியல். இரண்டுக்கும் நடுவே இருந்த பள்ளம் அவர்கள் கண்ணில் படவில்லை. ஊருக்குள்ளும் வேறு கதையில்லை. பிறவிப் பாவத்தில் எல்லாரும் சமம் என்று கேட்டு எழுந்தவர்கள், கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பகுதி பிரித்துக்கொண்டார்கள்.

ஆகவே மதமா அறிவியலா என்று கேட்பதில் பெரிய பயன் இருப்பதாக நாம் நினைக்கவில்லை. 'நாம் எல்லாரும் வளையக்கூடியவர்கள்' என்று இரண்டில் எது சொன்னாலும் மனிதனுக்கு அடக்கம் வருகிறது. 'அவர்கள் பிறப்பிலேயே அப்படித்தான்' என்று எது சொன்னாலும் துப்பாக்கி வருகிறது. இன்று மண்டையோட்டின் இடத்தில் மரபணு வந்திருக்கிறது. வன்முறைக்கு ஒரு மரபணு என்று தலைப்புச்செய்தி வரும்போதெல்லாம், அது எல்லாரையும் பற்றிப் பேசுகிறதா, சிலரை மட்டும் சுட்டுகிறதா என்று நாம் கேட்டாக வேண்டும்.

ஆதிப்பாவக் கொள்கையில் கைவிட வேண்டியது, குழந்தையின் தலையில் ஏற்றிய குற்றத்தை. காப்பாற்ற வேண்டியது, 'எல்லாரும்' என்ற ஒரு சொல்லை. அந்தச் சொல்லுக்கு ஈடான ஒன்றை நம் சாதிச் சமூகம் தானாக உருவாக்கிக்கொள்ளவில்லை.

நாகலூர்ச் சரிவில் காபி பூக்கும் நாட்களில் மார்பில் தட்டும் அந்தக் கைகளை நாம் கேலி செய்யப்போவதில்லை. தட்டுகிறவன் தன் மார்பில் தட்டிக்கொள்கிறான். அடுத்தவனை நோக்கி நீளும் விரலைக் கண்டுதான் நாம் அஞ்சவேண்டும்.