மாடியறையும் இரண்டாவது ரூட்டரும்



சென்ற மாதம் துடியலூரில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். இல்லத்தலைவர் வார்ப்படப் பட்டறையில் உழைத்து ஓய்வுபெற்றவர். அவர்தம் மகள் மாடியறையில் அமர்ந்து, வெளியூர் நிறுவனமொன்றின் பணியை இணையத்தின் வழியே ஆற்றிவருகின்றார். கூட்டங்களின் நடுவே அவருடைய குரல் அறுந்துபோவதால், பெங்களூருக்கே வந்துவிடுமாறு நிறுவனத்தார் எச்சரித்திருந்தனராம். படுக்கையிலிருக்கும் தாயை விட்டு அவர் எங்ஙனம் செல்வார்? "மாசா மாசம் பணங் கட்டறமுங்க சாமி. இன்னொரு ரூட்டரும் வாங்கி வெச்சமுங்க. முன்னயவிட மோசமாப் போச்சுங்க" என்றார் பெரியவர். கூடுதல் கட்டணத் திட்டத்திற்கு மாறிவிடலாமா என்பது அவருடைய வினா.

பணம் செலவிடுமுன் அளந்து பார்ப்பதே முறை. கீழ்த்தளத்து முதல் ரூட்டரில் மடிக்கணினியைக் கேபிளால் நேராக இணைத்துப் பார்த்தோம். கட்டணத்திற்குரிய 200 மெகாபிட் வேகம் குறைவின்றி வந்தது. மாடியிலோ 20-ஐத் தாண்டவில்லை. ஆழ்துளைக் கிணற்றில் நீரிருந்தும் மேல்தொட்டிக்கு ஏறாவிடில், நம் விவசாயி கிணற்றையா குறை கூறுவார்? குழாயையும் மோட்டாரையும் அன்றோ பார்ப்பார்!

இரண்டாவது ரூட்டரைக் கேபிளின்றி, முதலாவதன் அலைகளை வாங்கி மறுபடி பரப்பும் ரிப்பீட்டராக வைத்திருந்தனர். அதுவும் அலை மெலிந்துபோன மாடியறையிலேயே. கோவிலின் கடைசி வரிசையில் நின்று என் மறையுரையைப் பாதியே கேட்டவர், அதனை அடுத்த தெருவில் எடுத்துரைப்பதற்கு இஃது ஒப்பாகும். மேலும், ஒரே அலைவரிசையில் வாங்குவதும் கொடுப்பதும் நிகழ்வதால், வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றது. ஒரே வாளியால் இறைக்கவும் வேண்டும், அதே வாளியால் வார்க்கவும் வேண்டும் என்றால் என்னாகும்? கேபிள் இழுக்க வழியேயில்லாத வீட்டில், அதனை முதல் ரூட்டருக்கும் அறைக்கும் நடுவழியில் வைப்பது ஓரளவு பயன் தரும்.

நாங்கள் கேபிளே இழுத்தோம். ஆயினும் வேகம் 95-இல் நின்றுவிட்டது! ஆயிரம் மெகாபிட் இணைப்பிற்குக் கேபிளின் 8 கம்பிகளும் பொருந்தியிருத்தல் வேண்டும். 100-க்கு 4 கம்பிகளே போதும். முனையில் ஒரு கம்பி சரியாகக் கடிக்கவில்லை. முனையை வெட்டி மீண்டும் கிரிம்ப் செய்தபின் குறை நீங்கியது. சில மலிவு ரூட்டர்களின் போர்ட்டுகளே 100-க்கு மேல் செல்லா. வாங்கும்போதே அட்டைப்பெட்டியைப் படித்துக் கொள்க.

மற்றுமொரு சிக்கல். கேபிளை இரண்டாவது ரூட்டரின் 'வான்' போர்ட்டில் செருகியதால், அது தனி வலையமைப்பை உண்டாக்கிக்கொண்டு, கீழ்த்தளத்துப் பிரிண்டரை மாடிக் கணினிக்கு மறைத்துவிட்டது. ஒரு வீட்டில் இரு கணக்குப்பிள்ளைகள்! 'ஆக்செஸ் பாயிண்ட்' என்ற தெரிவு ரூட்டரில் இருப்பின் அதனைத் தேர்ந்தாலே போதும். அத்தெரிவு இல்லாத ரூட்டராயின், முதலில் அதற்கு வேறொரு முகவரி கொடுக்க வேண்டும், முதலாவது 192.168.1.1 எனில் இதற்கு 192.168.1.2, பிற கருவி எதற்கும் அவ்வெண் வழங்கப்படாதிருப்பின். பிறகு முகவரி வழங்கும் டிஹெச்சிபி பணியை அதில் நிறுத்திவிட்டு, இரண்டு ரூட்டர்களின் 'லேன்' போர்ட்டுகளையும் கேபிளால் இணைத்திட வேண்டும்.

எஞ்சியது சேனல். 2.4 கிகாஹெர்ட்சில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 ஆகிய மூன்றே. முதலாவதை 1-இலும் இரண்டாவதை 11-இலும் வைத்தோம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமுடையது; எனினும் சுவரையும் கான்கிரீட் தளத்தையும் ஊடுருவும் ஆற்றல் அதற்குக் குறைவு. ரூட்டர் அறையிலேயே இருக்கின்றபடியால் மகளின் கணினியை அதிலேயே இணைத்தோம். இரண்டிற்கும் ஒரே பெயரும் கடவுச்சொல்லும் இட்டோம்.

மாலையில் அளந்தபோது மாடியில் 180. கேபிளுக்கும் முனைகளுக்கும் ஆன செலவு, கூடுதல் திட்டத்தின் ஒரு மாதக் கட்டணத்திற்கும் குறைவே. அன்றிரவு கூட்டம் தடையின்றி நடந்தேறியதாக மகள் தெரிவித்தார். பெரியவரோ கேபிளைப் பூனை கடித்துவிடுமோ என்று கவலைப்பட்டு, மறுநாளே பிவிசி குழாய் வாங்கக் கடைக்குப் புறப்பட்டுவிட்டார்.