முதுமைக்குத் தேடிய பொருளும் அதற்குரிய அரணும்

திருவள்ளுவர் அரண் என்னும் அதிகாரத்தை 75ஆவதாக வைத்து, அதன் பின்னரே பொருள்செயல்வகையை 76ஆவதாக வைத்தார். பொருளைத் தேடப் புகுமுன் அதனைக் காக்கும் இடத்தை எண்ணுக என்பது இம்முறைவைப்பாற் பெறப்படும் கருத்தெனக் கொள்ளுதல் தகும். மதிலும் அகழியும் அரணாய் இருந்த காலம் கழிந்தது. இன்று ஒருவர் வாழ்நாள் முழுதும் உழைத்துச் சேர்த்த ஓய்வூதியப் பணத்துக்கு அரணாய் நிற்பது, பல நாடுகளில், எட்டுப் பத்து எழுத்துக்களாலான ஒரு சொல்லேயாம். அதனைக் கடவுச்சொல் என வழங்குகின்றோம். கடவு என்பது வழி. எனவே கடவுச்சொல் வழிவிடும் சொல்லாயிற்று. அது யாருக்கு வழிவிடுகின்றது என்பதே நாம் ஆராய வேண்டியது.

இவ்வினாவை உலகின்முன் வைத்தது 2025ஆம் ஆண்டு மார்ச் இறுதியை அடுத்து அவுஸ்திரேலியாவில் வெளிப்பட்ட ஒரு களவு. அந்நாட்டில் ஊழியர் ஒவ்வொருவரின் பொருட்டும் தொழில்கொள்வோர் ஓய்வூதிய நிதியிற் பணம் இடவேண்டும் என்னும் சட்டம் 1992 முதல் நடைமுறையில் உள்ளது. 2025 யூலை முதல் அப்பங்கு சம்பளத்தில் 100க்கு 12 ஆகும். பொதுவாக 60 வயதுவரை அப்பணத்தைத் தொடல் இயலாது. அதன்பின் தொழிலினின்றும் நீங்கியவர் அதனை மொத்தமாகவும் பெறலாம். ஆகவே முதியோர் கணக்கே கள்வர்க்கு இனிய கணக்காயிற்று.

அந்நாட்டின் மிகப் பெரிய நிதியாகிய அவுஸ்திரேலியன்சூப்பரில், 600 உறுப்பினர் வரையிலானோரின் கடவுச்சொற்கள் கள்வராற் பயன்படுத்தப்பட்டன. நால்வரின் கணக்குகளிலிருந்து மொத்தம் 500,000 டொலர் அளவில் அகற்றப்பட்டது. வேறு சில பெரிய நிதிகளும் அதே நாட்களில் இத்தகைய தாக்குதலுக்கு இலக்காயின.

இங்கே உற்றுநோக்கத்தக்கது யாதெனில், பெட்டகத்தை எவரும் உடைக்கவில்லை. முன்னர் வேறிடங்களிற் களவுபோன பெயர்களும் கடவுச்சொற்களும் கள்வரிடையே விலைபோகின்றன. அவற்றை இயந்திரத்தின் துணைகொண்டு ஆயிரக்கணக்கிற் புதிய வாயில்களில் இட்டுப் பார்க்கின்றனர். வீட்டுக்கும் அலுமாரிக்கும் கடைக்கும் ஒரே திறப்பை வைத்திருப்பவன், கடையிலே அதனைத் தொலைத்தால் வீட்டையும் தொலைத்தவனாவான். புடைவை வாங்கிய இணையக்கடையில் இட்ட சொல்லையே ஓய்வூதியக் கணக்குக்கும் இட்டவர் நிலை இதுவே.

அங்ஙனமாயின் குற்றம் உறுப்பினருடையதே எனக் கூறி அமைவோர் உளர். அது பாதி உண்மை. மின்சாரத்துக்கு ஒரு சொல், வங்கிக்கு ஒரு சொல், மருத்துவமனைக்கு ஒரு சொல் என ஒரு முதியவர் எத்தனையைத்தான் நினைவில் வைத்தல் இயலும்? போதாக்குறைக்கு, பெரிய எழுத்தும் இலக்கமும் குறியும் கலத்தல் வேண்டும், அடிக்கடி மாற்றுதலும் வேண்டும் என விதித்தனர். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவகம் 2004இல் வெளியிட்ட வழிகாட்டியினின்றே இவ்விதி பெரிதும் பரவியது. அதனை எழுதிய பில் பர் என்பார் அதற்காக வருந்துவதாக 2017இல் வெளிப்படையாகக் கூறினார். அந்நிறுவகமும் அவ்வாண்டிலேயே தன் கருத்தை மாற்றி, சொல்லின் நீளமே வலிமை தருவது, களவுபோன அறிகுறி இல்லாதவிடத்து மாற்றும்படி வற்புறுத்தல் வேண்டா என அறிவித்தது. மனித நினைவின் எல்லையை அறியாது வகுத்த விதி, மனிதரை ஒரே சொல்லிற் சரண்புகச் செய்தது எனலாம்.

இதற்கு மாற்று இரண்டாங் கதவு. கடவுச்சொல்லை இட்டபின், கைத்தொலைபேசிக்கு வரும் ஒருமுறை இலக்கத்தையோ, செயலியில் 30 வினாடிக்கு ஒருமுறை மாறும் இலக்கத்தையோ இட்டாலன்றி உட்புக முடியாது. இது கட்டாயமாக இருந்திருப்பின், களவாடிய சொல் மட்டும் பயன்பட்டிராது. அந்நாட்டு நிதி மேற்பார்வை அதிகாரசபை இதனை 2023ஆம் ஆண்டிலேயே வலியுறுத்தியிருந்தது. களவு நிகழ்ந்தபின், 2025 யூன் மாதத்தில் மீண்டும் எழுத நேர்ந்தது. அறிந்தும் தாழிடாத வாயிலுக்கு உறங்கிக்கிடந்த வீட்டுக்காரன் மட்டும் பொறுப்பாளியாதல் எங்ஙனம்?

இரண்டாங் கதவும் குறையற்றதன்று. நிதி நிறுவன அலுவலர் எனத் தொலைபேசியிற் பேசி, ஒருமுறை இலக்கத்தை இனிய மொழியாற் கேட்டு வாங்குவோர் உளர். பாஸ்கீ என்னும் புதுமுறையில் இதற்கு இடம் குறைவு. அதில் மறைபொருள் கைத்தொலைபேசிக்குள்ளேயே இருக்கும். உரியவரின் விரலடையாளத்தாற் செயற்படும். போலித் தளத்தின் முகவரிக்கு விடையளிக்காது. வாய்தவறிச் சொல்லிவிடுதற்கு அதிற் சொல்லே இல்லை.

எனினும் வேறொரு துன்பத்தை மறத்தலாகாது. கண் மங்கியவரும் கைத்தொலைபேசி இல்லாதவரும் இக்கதவுகளின் முன் தடுமாறுவர். கதவு கடினமானால் திறப்பைப் பிறர் கையிற் கொடுப்பர். நம் ஊர்களிலும் இளைப்பாறிய ஆசிரியர் தொடர்பாடல் நிலையத்துக்குச் சென்று, ஆங்குள்ள இளைஞரைக் கொண்டே மின்னஞ்சலைத் திறப்பிப்பதும், அவர் வைத்த கடவுச்சொல்லை அவர் எழுதிய துண்டிலேயே கொண்டுவருவதும் புதுமையல்ல. நம் நாட்டு அலுவலகங்களும் இணையத்துக்கு மாறிவரும் இந்நாளில் அவுஸ்திரேலியர் பெற்ற பாடம் நமக்கும் உரியது.

ஆகவே நிறுவனங்கள் செய்யத்தக்கன மூன்று. இரண்டாங் கதவைக் கட்டாயமாக்குக. பணம் செல்லும் வங்கிக் கணக்கு மாற்றப்பட்டால், உரியவருக்கு அறிவித்துச் சில நாள் பொறுத்தே பணத்தை விடுக்க. இணையம் இயலாதவர்க்கு மேசையும் மனித முகமும் என்றும் இருக்க விடுக. உறுப்பினர் செய்யத்தக்கனவும் மூன்று. ஓய்வூதியக் கணக்குக்கு வேறெங்கும் இடாத, நீண்ட சொல்லை வைக்க. நினைவில் நில்லாதாயின் ஏட்டில் எழுதி வீட்டிற் பூட்டி வைத்தல், ஒரே சொல்லை ஊரெங்கும் இடுதலினும் நன்று. வந்த இணைப்பைத் தொடராது, முகவரியைத் தாமே எழுதி உட்புகுக. ஒருமுறை இலக்கத்தை எவர் கேட்பினும் கூறற்க.

எத்துணைச் சிறப்புடையதாயினும், செயல்திறம் இல்லாதாரிடத்து அரண் பயன்படாது என்பது வள்ளுவர் அவ்வதிகாரத்தின் இறுதியிற் காட்டும் கருத்து. அரணுள் வாழும் முதியவரிடம் மட்டும் அத்திறத்தை எதிர்பார்த்து, அரண் எடுத்தவர் வாளாவிருத்தல் முறையன்று. முப்பது நாற்பதாண்டு உழைப்பை நம்பி ஒப்படைத்தவர்க்கு அந்நம்பிக்கையைக் காத்துக்கொடுத்தல் அவர்தங் கடனாம்.