ஸ்வீடன் ஏரிகளில் அந்நியச் சிங்கிறால்

வியாதியைத் தீர்ப்பதற்காகத் தருவித்த மருந்தே வியாதிக்கு நிரந்தர வாசஸ்தலமாக அமைந்துவிட்டது. ஸ்வீடன் தேசத்தில் நன்னீர்ச் சிங்கிறால் விஷயத்தில் நேர்ந்த கதி இதுவே. கடல் சிங்கிறாலைச் சிறிதாக்கியது போன்ற இந்த ஜந்து நம் நாட்டு ஆறு குளங்களில் இயற்கையாக இல்லை. ஸ்வீடன் ஜனங்களுக்கோ இது இல்லாமல் ஆகஸ்டு மாத விருந்து சோபிக்காது.

1907-ம் ஆண்டில், பின்லாந்திலிருந்து வந்த சரக்குடன் ஒரு கொள்ளைநோய் மேலரன் ஏரியில் புகுந்தது. வட அமெரிக்காவைப் பிறப்பிடமாகக் கொண்ட ஒரு நீர்ப்பூஞ்சையே அதற்குக் காரணம். அமெரிக்க இனங்கள் அதைச் சுமந்துகொண்டே ஜீவிக்கும். ஐரோப்பிய இனமோ சில வாரங்களில் அநேகமாக அடியோடு மடியும். ஏரிக்கு ஏரி, ஆற்றுக்கு ஆறு, அரை நூற்றாண்டு காலம் சுதேசி இனம் நாசமாயிற்று.

1960-ல் கலிபோர்னியாவிலிருந்து ‘சிக்னல்’ என்னும் இனத்தைக் கொண்டுவந்தார்கள். (கொடுக்கின் மூட்டிலுள்ள வெளிர்ப் பொட்டினால் வந்த பெயர்.) 1969 முதல் அதைப் பெருவாரியாக நீர்நிலைகளில் விட்டார்கள். வெறுமையாய்க் கிடந்த ஏரிகளையும் வருமானமிழந்த குடியானவர்களையும் கண்டு செய்த காரியம். அவர்கள் நோக்கத்தை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் விளைவு என்ன? பற்றிக்கொள்ளச் சிங்கிறால் எதுவும் மிஞ்சாத நீரில் அந்தப் பூஞ்சை நெடுநாள் தங்காது. சுதேசி இனத்தை அங்கே மறுபடியும் விட்டு வளர்க்க வழியுண்டு. சிக்னல் குடியேறிய ஏரியிலோ நோயும் கூடவே குடியிருக்கிறது. அந்த வழி அடைபட்டுப் போயிற்று. போதாக்குறைக்கு, செழித்து வளர்ந்த சிக்னல் கூட்டங்களும் பல ஏரிகளில் பிற்பாடு திடீரெனக் குன்றியதை அந்நாட்டு ஆராய்ச்சியாளர்களே கண்டிருக்கிறார்கள். பழையதைக் கொடுத்து வாங்கிய புதியதும் உறுதியானதல்ல!

2016-ல் ஐரோப்பிய யூனியன் சிக்னலைத் தீங்கு செய்யும் அந்நிய ஜீவன்களின் ஜாபிதாவில் சேர்த்தது. ஏற்கெனவே பரவிவிட்ட தென்பகுதியில் ஸ்வீடன் சர்க்கார் அதைப் பிடிக்க அனுமதிக்கிறார்கள். பிடிப்பதில் நமக்கு ஆக்ஷேபமில்லை; எவ்வளவு பிடித்தாலும் முற்றிலும் ஒழியாது என்பதும் தெரிந்ததே. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. விலைபோகும் சரக்கு என்று தெரிந்ததும், சுதேசி இனம் எஞ்சியுள்ள நீரில் சட்டத்துக்கு மாறாக இரவோடிரவாக ஒரு கூடை சிக்னலைக் கொட்டிவிடும் மனிதர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு கூடை ஓர் ஏரியின் வம்சத்தை அழிக்கப் போதுமானது. ஈரம் உலராத வலையும் படகுங்கூட நோயைக் கொண்டுசெல்லும்.

ஆகையால், பிடித்த சிக்னல் எதுவும் உயிரோடு கரையைத் தாண்டக் கூடாது என்பது நமது அபிப்பிராயம். கரையிலேயே வேகவைத்து விற்கட்டும். வியாபாரிகள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். சுதேசி இனம் இன்னமும் பிழைத்திருக்கும் கோட்லாந்து தீவு முதலிய இடங்களில் காவலுக்கு ஆகும் செலவை, சிக்னல் விற்பனையில் லாபமடைகிறவர்களிடமே வசூலிப்பதுதான் நியாயம்.