நெல்லு விட்ட ஏப்பம்!

தமிழ்நாட்டில் திருப்பத்தூர் இரண்டு சார். ஒன்று வடக்கே இருப்பது. வேலூரிலிருந்து பிரிந்து 2019-ல் மாவட்டமாகவே பிரமோஷன் வாங்கிவிட்டது. இன்னொன்று எங்களுடையது. சிவகங்கை மாவட்டத்தில், மதுரையிலிருந்து பிள்ளையார்பட்டிக்குப் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற திருப்பத்தூர். இன்னும் பிரமோஷன் வரவில்லை. என்னை மாதிரி.

இந்தப் பெயர்க் குழப்பத்தில் போன ஐப்பசியில் அடியேன் மாட்டிக்கொண்டேன். ஆபீசில் ஃபைலுக்கு நடுவே செல்போனை மேய்ந்துகொண்டிருந்தபோது, "திருப்பத்தூர்: நாளை நல்ல மழை" என்று ஒரு வரி ஓடியது. உடனே என் மாமாவுக்குப் போன் போட்டேன். அவருக்குக் கண்மாய்க்குக் கீழே ஒன்றரை ஏக்கர். புரட்டாசியில் புழுதி விதைப்பாக நெல்லைத் தூவிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நாளைக்கு மழையாம். யூரியாவைப் போட்டு விட்ருங்க!"

போட்டார். மறுநாள் மழையும் பெய்தது. ஜோலார்பேட்டைப் பக்கம்!

எங்கள் பக்கம் பதினொரு நாள் வெயில் காய்ந்தது. யூரியா காற்றோடு போயிற்று. சனிக்கிழமை காலை பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் மாமா என்னைப் பிடித்துவிட்டார்.

"ஏன்டா மாப்ள, ஒன் செல்போனுக்கு எந்த ஊரு மண்ணுன்னு தெரியாதா?"

நான் பதில் சொல்வதற்குள் பெஞ்சில் இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். எங்கள் டீக்கடையில் விஞ்ஞானம் என்று தனியாக ஒன்று கிடையாது. எல்லாம் கட்சிதான். வானிலை ஆபீஸ் மத்திய சர்க்காருடையது, அதனால்தான் இப்படி என்றார் ஒருவர். சொன்னதைக் கேட்டு நடக்காதது மாநில சர்க்கார் என்றார் எதிர்பெஞ்சுக்காரர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்போது முன்கூட்டியே எச்சரித்தார்களா இல்லையா என்று தில்லியும் சென்னையும் மோதிக்கொண்டதை இருவரும் முதலிலிருந்து மறுபடி நடத்திக் காட்டினார்கள். என் செல்போன் காட்டியது வேறு திருப்பத்தூர் என்பதை நான் கடைசிவரை சொல்லவில்லை. உயிர் முக்கியம் இல்லையா?

ஆனால் மாமாவின் கேள்வி மனசில் நின்றுவிட்டது. 'எந்த ஊரு மண்ணு?' இதே கேள்வியை 1991-ல் நம்மவர்கள் அமெரிக்காவைப் பார்த்தே கேட்டிருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். நெல் வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் அடி மண்ணுக்குக் காற்று போகாது. காற்றில்லாத இடத்தில்தான் சில நுண்ணுயிர்களுக்குக் கொண்டாட்டம். மட்கிப்போன வைக்கோல், வேர் எல்லாவற்றையும் தின்று மீத்தேன் வாயுவை விடும். நெற்பயிரின் தண்டுக்குள் குழல் மாதிரி ஓட்டை உண்டு. வேருக்கு மூச்சுக்காற்று அனுப்ப இயற்கை போட்டுக் கொடுத்த பைப். அதே பைப் வழியாக மீத்தேனும் மேலே ஏறி வெளியே வந்துவிடும். நெல்லு விடுகிற ஏப்பம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். கார்பன்-டை-ஆக்சைடைவிட இருபத்தைந்து மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்குகிற ஏப்பம்.

1990-ல் வாஷிங்டனில் உள்ள உலக வள நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது. பூமியைச் சூடாக்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியாவுக்கு முதல் ஐந்துக்குள் இடம்! கார் இல்லை, ஏ.சி. இல்லை, நம் ஊரில் பாதி வீட்டில் ஃபேனே இல்லாத காலம். எப்படி சார் என்று பார்த்தால், நம் மாடும் நம் நெல்லும்தான் குற்றவாளிக் கூண்டில். அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஏஜென்சி போட்ட கணக்குப்படி, இந்திய நெல் வயல்கள் மட்டும் வருஷத்துக்கு ஏறத்தாழ 3 கோடியே 80 லட்சம் டன் மீத்தேன் விடுகின்றனவாம். 1992-ல் ரியோ டி ஜெனிரோவில் பூமி மாநாடு வரப்போகிறது. யார் எவ்வளவு குறைக்க வேண்டும், யார் பணம் கட்ட வேண்டும் என்ற பேரம் தொடங்கிவிட்டது. அந்த நேரத்தில் இப்படி ஒரு பில்!

தில்லியில் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-ல் ஒரு சின்னப் புத்தகம் போட்டு வெளுத்து வாங்கினார்கள். இது சுற்றுச்சூழல் காலனி ஆதிக்கம் என்றே பெயர் வைத்தார்கள். வயிற்றுப்பாட்டுக்கு விதைக்கிற நெல்லின் வாயுவையும், சொகுசுக் காரின் புகையையும் ஒரே தராசில் வைப்பதா என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம். மருது சகோதரர்களை 1801-ல் வெள்ளைக்காரன் தூக்கில் போட்ட ஊர்க்காரன் நான். படித்தபோது மீசை துடித்தது. (மீசை கிடையாது. இருந்திருந்தால் துடித்திருக்கும்.)

ஆனால் பேரத்தில் கோபம் செல்லாது. எண்ணுக்கு எண்தான் செல்லும். அந்த எண்ணைக் கொடுத்தவர்கள், நம் வரிப்பணத்தில் நடக்கிற தில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்காரர்கள். ஏ.பி. மித்ரா என்ற விஞ்ஞானி. வாழ்நாளில் பெரும்பகுதி வானத்தின் மேலடுக்குகளை ஆராய்ந்தவர். அவர் வயலைப் பார்க்கக் குனிந்தார். அமெரிக்கா கணக்குப் போட்டது எப்படி என்று பார்த்தால், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சில வயல்களில் அளந்ததை இந்தியாவின் மொத்த நெல் பரப்பால் பெருக்கியிருந்தார்கள். ஜோலார்பேட்டை மழையை எங்கள் கண்மாய்க்குக் கொண்டுவந்த மாதிரி!

1991-ல் நாட்டின் பல பகுதிகளில் நெல் வயல்களில் இறங்கி அளந்தார்கள். முறை ரொம்ப எளிமை. அடிப்பாகம் இல்லாத கண்ணாடி மாதிரியான பெட்டி ஒன்றைப் பயிர் மேல் கவிழ்ப்பது. காற்றுப் போகாமல் அடைப்பது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஊசி சிரிஞ்சால் உள்காற்றை உறிஞ்சி எடுப்பது. ஆய்வுக்கூடத்தில் அந்தக் காற்றில் மீத்தேன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பது. சொல்ல எளிமை. சேற்றில் நின்று வெவ்வேறு மண்ணில், பயிரின் வெவ்வேறு பருவத்தில் செய்து பாருங்கள், இடுப்பு சொல்லும் கதை!

வந்த விடை சுமார் 40 லட்சம் டன். அமெரிக்கா சொன்னதில் பத்தில் ஒரு பங்குதான். காரணம் நம் மண். பெரும்பாலான வயல்களில் மட்கும் சத்து குறைவு. அதைவிட முக்கியம், நம் வயல்களில் பெரும் பகுதி வானம் பார்த்தவை. நடுநடுவே காய்ந்துவிடும். காய்ந்தால் மண்ணுக்குள் காற்று நுழையும். காற்று நுழைந்தால் அந்த நுண்ணுயிர்களின் கடைக்கு ஷட்டர். எங்கள் பக்கத்துப் புழுதி விதைப்பில் முதல் ஒரு மாசம் தேங்கின தண்ணீரே இருக்காது. இந்தியா, சீனா அளவுகள் வரத் தொடங்கியதும் உலக நெல் வயல்களின் கணக்கையே ஐ.நா. விஞ்ஞானிகள் குழு 1992-ல் 11 கோடி டன்னிலிருந்து 6 கோடியாக இறக்கிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை இதை டீக்கடையில் அவிழ்த்துவிட்டேன். பெஞ்சே ஆடியது. "அப்படிப் போடு! வெள்ளக்காரன் சொல்ற வெதர் கதை பூராவும் டூப்புதான்னு நான் அப்பவே சொன்னேன்ல!" என்றார் ஒரு தம்பி.

இங்கேதான் பிரேக் போட வேண்டியிருந்தது. 2009 நவம்பரில் இதே உற்சாகத்தில் தில்லியில் ஒரு கூத்து நடந்தது. அப்போதைய சுற்றுச்சூழல் மந்திரி ஜெய்ராம் ரமேஷ், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் இருந்து ரிட்டயரான வி.கே. ரெய்னா எழுதிய ஓர் அறிக்கையை வெளியிட்டார். இமயமலைப் பனியாறுகள் விபரீதமாக ஒன்றும் உருகவில்லை என்பது சாராம்சம். ஐ.நா. குழுவோ 2007-லேயே, அவை 2035-க்குள் காணாமல் போகக்கூடும் என்று எழுதியிருந்தது. அந்தக் குழுவின் தலைவரும் ஓர் இந்தியர்தான், பச்சௌரி. மந்திரி வெளியிட்டது 'வூடூ' விஞ்ஞானம் என்று சீறினார். நம் பாஷையில் பில்லிசூனியம்!

இரண்டே மாசம். 2010 ஜனவரியில் ஐ.நா. குழு தலையைச் சொறிந்துகொண்டு வருத்தம் தெரிவித்தது. 2035 தப்பு. ஒரு பத்திரிகைப் பேட்டியில் வந்ததை இன்னொரு அறிக்கை எடுக்க, அதிலிருந்து இவர்கள் எடுக்க, யாரும் மூலத்தைப் பார்க்கவில்லை. 2350 என்று எங்கோ இருந்ததுதான் எண் மாறி 2035 ஆனதோ என்றும் ஒரு சந்தேகம். எங்கள் ஆபீசில் இப்படி எண் மாறினால் மெமோ வரும்.

"பாத்தியா!" என்றார் தம்பி.

"இருங்க தம்பி, கதை முடியலை" என்றேன். தேதி தப்பே தவிர உருகுவது தப்பில்லை. பழைய அமெரிக்க உளவு சாட்டிலைட் படங்களை வைத்து 2019-ல் அளந்து பார்த்தார்கள். 2000-க்குப் பிறகு இமயத்தில் பனி இழக்கும் வேகம், அதற்கு முந்தைய இருபத்தைந்து வருஷத்தைவிட இரண்டு மடங்கு! ரெய்னாவின் அறிக்கை தந்த தெம்பும் அதோடு போயிற்று.

ஜெய்ராம் ரமேஷைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் கணக்கை நாமே போடுவோம் என்று நம் விஞ்ஞானிகளை உட்காரவைத்தார். 2010-ல் வந்த அந்தக் கணக்கில் நெல் வயல் மீத்தேன் 33 லட்சம் டன். மித்ராவின் கணக்குக்குப் பக்கத்திலேயே வருகிறது. அதே கணக்கில், நம் மாடுகளும் எருமைகளும் ஆடுகளும் விடுகிற ஏப்பம் ஒரு கோடி டன் என்றும் போட்டிருந்தார்கள். மறைக்கவில்லை. அதனால்தான் 33 லட்சத்தை நான் நம்புகிறேன்.

அமெரிக்காவில் இப்போது காற்று வேறு திசை. அங்கே தட்பவெப்ப மாற்றத்தின் தேசிய அறிக்கையை எழுதிக்கொண்டிருந்த சுமார் 400 பேரை 2025 ஏப்ரலில் அரசாங்கம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஒரு காலத்தில் தப்பாகவாவது அளந்தார்கள்.

இவ்வளவையும் மாமா டீ ஆறும்வரை கேட்டார். பிறகு சொன்னார்:

"போன வாரம் பைக்ல ஒரு தம்பி வந்துச்சு மாப்ள. ஏதோ கம்பெனியாம். வயலை அப்பப்பக் காயவிட்டுத் தண்ணி பாய்ச்சுனா மீத்தேனு கொறையுமாம், அதுக்கு ஏக்கருக்கு இவ்வளவுன்னு காசு தருவாங்களாம்."

"நெஜம்தான் மாமா. அப்படிப் பண்ணினா பாதி வரைக்கும்கூடக் குறையுங்கிறாங்க."

"நான் கேட்டேன், நாங்க காயவிடலை தம்பி, அதுவாத்தான் காயுது. எங்க அப்பாரு காலத்துலேருந்து காயுது. அதுக்கெல்லாம் சேத்துக் குடுப்பீங்களான்னு."

"என்ன சொன்னாரு?"

"எப்பவும் தண்ணி கட்டி வைக்கிறவுக நிறுத்துனாத்தான் காசாம். தண்ணியே இல்லாதவனுக்குக் கெடையாதாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மாமாவுக்கு வரவில்லை. கிளாஸைக் கவிழ்த்து வைத்தார்.

"அந்தப் பெட்டி சொன்னியே மாப்ள, அடியில்லாத பெட்டி. அது நம்ம ஊருக்கு வந்துச்சா?"

எங்கள் கண்மாய்க்குக் கீழே யாரும் பெட்டி கவிழ்த்ததாக மாமாவுக்கும் நினைவில்லை, எனக்கும் தெரியாது. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த நேரம் பார்த்துப் பாக்கெட்டில் செல்போன் கிணுங்கியது. எடுத்துப் பார்த்து வாய் தவறிச் சொல்லிவிட்டேன்:

"மாமா, நாளைக்குத் திருப்பத்தூர்ல மழையாம்..."

"எந்தத் திருப்பத்தூரு?" என்றார் மாமா. "அதை அப்புறம் பாக்கலாம். மொதல்ல அந்த ரெண்டு மூட்டை யூரியாக் காச எடு!"